ஒரு கிரவுண்டு, முப்பத்திரண்டு பேர்: அடுக்குமாடிக்கு நீர்க்கணக்கும் மழைநீர் சேகரிப்பும்

சென்னையில் ஒரு கிரவுண்டு மனை என்றால் 2,400 சதுர அடி, சதுர மீட்டரில் 223. ஊருக்கு ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் அது 1 லிட்டர். ஆக, அந்த மனைமேல் வருடம் முழுக்க விழுகிற தண்ணீர் ஏறக்குறைய 3,12,000 லிட்டர்.

அந்த மனையில் ஒரு காலத்தில் ஓட்டு வீடு ஒன்று, அதில் ஐந்து பேர், கொல்லையில் ஒரு கிணறு என்று வைத்துக்கொள்வோம். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு அரசு எடுத்துக்கொள்ளும் அளவு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர். அதையே தாராளமாகப் போட்டாலும் அந்த வீட்டுக்கு வருடத்துக்கு 2,46,000 லிட்டர்தான் ஆகும். மழை மிச்சம். இன்று அதே இடத்தில் எட்டு ஃபிளாட், 32 பேர். தேவை 15,76,800 லிட்டர். விழும் மழையை ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும்.

மக்கள்தொகைப் பெருக்கம் இயற்கை வளத்தை நெருக்குகிறது என்று உலக அளவில் பேசுவது, ஒரு மனைக்குள் வந்தால் இந்தக் கணக்காகத்தான் தெரியும். 1950இல் உலகில் சுமார் 250 கோடிப் பேர், 2022 நவம்பரில் 800 கோடி. சென்னையில் 1901 கணக்கெடுப்பில் 5 லட்சம் பேர், 1951இல் 14 லட்சம், 2011இல் மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் மட்டும் 46 லட்சம். அந்த ஆண்டு 426 சதுர கி.மீ. ஆக விரிந்த எல்லையைச் சேர்த்தால் 66 லட்சத்துக்கு மேல். மழையின் சராசரி மட்டும் ஏறவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மக்கள்தொகை நிலைத்து நிற்கத் தேவையான 2.1ஐ விட அது குறைவு. எனவே "ஜனங்கள் பிள்ளை பெறுவதைக் குறைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இங்கே கைகழுவ முடியாது. பிழைப்புக்காக ஊர் ஊராக வந்து சேர்ந்தவர்கள் இந்த நகரத்தில் இருக்கத்தான் போகிறார்கள். அவர்களையும் சேர்த்து, இருக்கிற மழையை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் கேள்வி.

கீழே உள்ள வழிமுறை, ஒரு கிரவுண்டில் நிற்கும் எட்டு வீட்டு அடுக்குமாடியை மனத்தில் வைத்து எழுதியது. உங்கள் அளவுகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கணக்கு

கட்டட வேலையைப் பிறகு பார்க்கலாம். எத்தனை லிட்டர் செலவாகிறது என்றே தெரியாத அசோசியேஷன்தான் அதிகம். மீட்டர் இல்லாவிட்டாலும் ஒரு மரக்குச்சியை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மேல்நிலைத் தொட்டியின் உள்ளளவை அடியில் எடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, 12ஆல் வகுத்து, 28.3ஆல் பெருக்கினால், தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கினால் எத்தனை லிட்டர் போயிருக்கிறது என்பது கிடைக்கும். 8 அடிக்கு 5 அடித் தொட்டி என்றால் ஓர் அங்குலத்துக்கு 94 லிட்டர். குச்சியில் அங்குலக் கோடு போட்டு, மோட்டார் போடுமுன் ஓர் அளவு, நிறுத்தியபின் ஓர் அளவு என ஏழு நாள் எழுதுங்கள். மோட்டார் ஓடும்போதும் வீடுகளில் குழாய் திறந்திருக்கும் என்பதால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஆனாலும் வேலைக்கு இது போதும். வார மொத்தத்தை ஏழாலும், பிறகு ஆட்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால் தலைக்கு நாளைக்கு எவ்வளவு என்பது வரும். ஆளை எண்ணும்போது ஃபிளாட் எண்ணிக்கையை நான்கால் பெருக்கிவிடாதீர்கள். வாடகைக்கு ஆறு இளைஞர்கள் தங்கியிருக்கும் வீடும் இருக்கும், வயதான தம்பதி இருவர் மட்டும் இருக்கும் வீடும் இருக்கும்.

இதே குச்சியை வைத்து ஓர் இரவுச் சோதனையும் செய்யலாம். பதினொரு மணிக்கு மோட்டாரை அணைத்து அளவு எடுத்து, விடிகாலை நாலரைக்கு மறுபடி எடுங்கள். எல்லோரும் உறங்கும் நேரத்தில் 32 பேருக்குப் பத்துத் தடவை ஃபிளஷ் போனாலும் ஓர் அங்குலம்தான் இறங்க வேண்டும். மூன்று அங்குலம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

வரவுப் பக்கம் கூரையிலிருந்து தொடங்கும். மொட்டை மாடியின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, 1,400ஆல் பெருக்கி, 0.8ஆல் பெருக்குங்கள். தளம் உறிஞ்சுவது, ஆவியாவது, தெறிப்பது போகக் கைக்கு வருவது அந்த எண்பது சதவீதம்தான். 140 சதுர மீட்டர் மாடிக்கு 1,56,800 லிட்டர் வரும். 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் பதின்மூன்று லாரி. இதில் கவனிக்க வேண்டியது, ஆண்டு மழையில் அறுபது சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதுவும் எண்ணி முப்பது நாற்பது நாளில் கொட்டித் தீர்த்துவிடும். மே மாதத் தேவைக்கு நவம்பர் மழையை வைத்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டி கட்ட மனையில் இடம் கிடையாது. நிலத்தடிதான் அந்தத் தொட்டி.

கூரைக்கு முன் குழாய்

மழைநீர் சேகரிப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் நேராக மாடிக்கு ஏறிவிடுகிறது. 32 பேர் வாழும் இடத்தில் அது தலைகீழ் வரிசை. ஆளுக்கு நாளைக்கு 40 லிட்டர் குறைந்தால் வருடத்துக்கு 4,67,200 லிட்டர் மிஞ்சும். கூரை தருவதைப்போல மூன்று மடங்கு. ஐந்து பேர் இருந்த பழைய வீட்டில் இதே 40 லிட்டரைக் குறைத்திருந்தால் மிஞ்சுவது 73,000 லிட்டர்தான். ஒரே மனையில் தலைகள் கூடக் கூட, கூரையைவிடக் குழாய்தான் பெரிய நீர்நிலை ஆகிறது.

அந்த 135 லிட்டர் எங்கே போகிறது? இந்தியத் தர அளவு அதை இப்படிப் பிரிக்கிறது: குளிக்க 55, கழிப்பறை ஃபிளஷ் 30, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10, சமையல் 5, குடிக்க 5. குடிப்பதிலும் சமையலிலும் கை வைக்க வேண்டாம். குளியலும் ஃபிளஷும்தான் இடம் கொடுக்கும்.

ஃபிளஷ் டேங்கில் ஐந்தாறு சொட்டு துணிக்குப் போடும் நீலத்தை விட்டு, பதினைந்து நிமிடம் யாரும் அழுத்தாமல் பாருங்கள். பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. இது சத்தமே இல்லாமல் ஒழுகும் என்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பழைய 10 லிட்டர் டேங்க் என்றால், தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே மிதவையில் இடிக்காதபடி நிற்க வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிஞ்சும். செங்கல் வைக்காதீர்கள், கரைந்து வால்வில் சிக்கும். மாற்றும்போது 3 லிட்டர், 6 லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ளதாக மாற்றுங்கள்.

நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் வீணாக்கும். அடியில் ஒரு டம்ளரைப் பத்து நிமிடம் வைத்து அளந்து, 144ஆல் பெருக்கி, அந்த எண்ணை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். "ஒழுகுது" என்று சொல்வதைவிட அது வேலை செய்யும். கை கழுவும் குழாய், சிங்க் குழாய் முனைகளில் காற்றுக் கலக்கும் வலை மூடியைத் திருகினால் ஓட்டம் பாதி அளவுக்கும் கீழே இறங்கும். உப்புத் தண்ணீரில் இந்த வலை இரண்டு மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும், வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் சுத்தமாகிவிடும். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் குடிநீர் தரும்போது இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அந்த நீருக்குக் கீழே ஒரு வாளி வையுங்கள், தரை துடைக்க ஆகும். செடிக்கு ஊற்றினால் உப்பேறிக் கருகும்.

இவை எல்லாவற்றையும்விடச் செலவுக்கு ஏற்ற பலன் தருவது வீட்டுக்கு வீடு மீட்டர். தண்ணீர்க் கட்டணத்தை எட்டாகப் பிரித்துக் கட்டும்வரை யாரும் குழாயை மூடக் காரணமில்லை. ஃபிளாட்டுக்கு ஒரே குழாய் இறங்கும் கட்டடத்தில் இது அரை நாள் வேலை. குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று தனித்தனிக் குழாய் இறங்கும் கட்டடத்தில் வீட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் வேண்டும். பிளம்பரிடம் விலை பேசுமுன் மொட்டை மாடிக்கு ஏறி இதைப் பார்த்துவிடுங்கள்.

காலடியில் என்ன மண்?

பெசன்ட் நகர், திருவான்மியூர், மயிலாப்பூர் எனக் கடலோரம் முழுக்க மணல். அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரி, பெருங்குடியில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. ஆனால் தெருவுக்குத் தெரு மாறும், நிரவல் மண் கொட்டிய மனையும் இருக்கும். அதனால் சோதித்தே பாருங்கள்.

ஓர் அடிச் சதுரத்தில் மூன்றடி ஆழம் தோண்டுங்கள். இரண்டு முறை தண்ணீர் ஊற்றி முழுக்க இறங்க விடுங்கள். காய்ந்த மண் முதல் முறை எதையும் குடிக்கும், அதை நம்பக்கூடாது. மூன்றாவது முறை ஓர் அடி உயரத்துக்கு ஊற்றி, குச்சியை நட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளவு எடுங்கள். சில நிமிடத்தில் காணாமல் போனால் மணல். சில அங்குலம் இறங்கினால் கலப்பு மண். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் களி. அங்கே மழைநீரை மண்ணுக்குள் இறக்கச் சிமென்ட் உறைகளை அடுக்கிக் கட்டும் சாதாரண உறைகிணறு வெறும் குட்டையாகத்தான் நிற்கும். தோண்டிய மண்ணைப் பிசைந்து விரலால் உருட்டினால், பென்சில் கனத்துக்குத் திரி திரிக்க வருவது களி. உதிர்ந்து போவது மணல்.

மாடியிலிருந்து மண் வரை

வேலையை மே முதல் ஆகஸ்ட் வரை முடித்துவிட வேண்டும். அப்போதுதான் நிலத்தடி நீர் கீழே இருக்கும், தோண்ட முடியும். செப்டம்பர் கடைசியில் ஆள் தேடினால் ஆளும் கிடைக்காது, குழியிலும் தண்ணீர் ஊறும்.

மாடித் தளத்தில் குழாய் வாயை நோக்கி வாட்டம் இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மணிக்கு 100 மி.மீ. என்ற கனமழையில் 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர்க் கூரையைத்தான் தாங்கும். எனவே 140 சதுர மீட்டருக்கு நான்கு இறங்கு குழாய் வேண்டும். இரண்டு வைத்தால் மழை வலுக்கும்போது மாடியில் தண்ணீர் தேங்கும், கீழ்வீட்டுச் சுவர் ஓதம் ஏறும். ஒவ்வொரு வாயிலும் குமிழ் வடிவச் சல்லடை வையுங்கள். தட்டையான சல்லடையை நாலு வேப்பிலை சேர்ந்து மூடிவிடும். கீழே நான்கையும் சேர்க்கும் 6 அங்குலக் குழாய்க்கு நூறடிக்கு ஓர் அடி வாட்டம் போதும்.

முதல் மழை கூரையைக் கழுவும் மழை. காக்கை எச்சம், தூசு, புகைக்கரி எல்லாம் அதில் வரும். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்று வைத்து, 140 லிட்டரை வெளியே விட வேண்டும். சேர்ப்புக் குழாயின் கடைசியில் ஒரு கிளை, அதில் திருகு மூடி. பருவத்தின் முதல் மழைக்கும், பத்துநாள் வெயிலுக்குப் பிறகு வரும் மழைக்கும் அதைத் திறந்து வைத்து, தண்ணீர் தெளிந்ததும் மூடலாம். இந்த வேலை வாட்ச்மேன் பொறுப்பு என்று எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். யார் பொறுப்பு என்று சொல்லாத மூடி வருடம் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

அடுத்தது வண்டல் தொட்டி. 2 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி ஆழம், செங்கல் கட்டி உள்ளே பூச வேண்டும். தண்ணீர் நுழையும் குழாயும் வெளியேறும் குழாயும் அடியிலிருந்து ஓர் அடிக்கு மேல் இருக்கட்டும். அந்த ஓர் அடியில் மண் தங்கும். வெளியேறும் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

இங்கே மணல் வடிகட்டி வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். உறைகிணற்றுக்குள் போகும் கூரை நீருக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது அவசர அவசரமாகக் கட்டியவற்றில், சின்னக் குழியில் ஜல்லியும் மணலும் நிரப்பி மேலே குழாயை நுழைத்து விட்டவை ஏராளம். அப்படியொரு குழியைத் திறந்து பாருங்கள். மணலின் மேல் ஊத்தப்பம் கனத்துக்குக் கறுப்பு வண்டல், அதன்மேல் பாசி, அதற்கும் மேல் தேங்கிய தண்ணீரில் புழு. அந்தக் கறுப்புப் படலத்தைக் கரண்டியால் சுரண்டி எடுத்தால் அடியில் மணல் இன்னும் வெளுப்பாகவே இருக்கும். மொத்தக் குழியையும் கெடுத்தது அந்த ஒரு விரல் கனப் படலம். வருடா வருடம் மணலை அள்ளிக் கழுவப் போவதில்லை என்றால் மணலே போடாதீர்கள். வண்டல் தொட்டியைச் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் போதும்.

சம்ப்புக்கும் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) போர்வெல்லுக்கும் மட்டும் மணல் வடிகட்டி தேவை. 3 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழத் தொட்டி. அடியில் 9 அங்குலம் 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 9 அங்குலம் 20 மி.மீ. ஜல்லி, மேலே நைலான் வலை, அதன்மேல் 6 அங்குலம் பெருமணல், மீதி ஓர் அடி வெற்றிடம். தண்ணீர் மேலே நுழைந்து அடியில் வெளியேற வேண்டும். ஜல்லியையும் மணலையும் கலங்கல் தீரும்வரை அலசிய பிறகே போடுங்கள். அலசாத மணலில் இருக்கும் சேறே முதல் மழையில் போரை அடைத்துவிடும். நுழையும் வாய்க்கு மேலே ஒரு வழிவுக் குழாய் கட்டாயம் வேண்டும்.

உறைகிணறு

4 அடி விட்டம், 15 அடி ஆழம் உள்ள கிணறு சுமார் 5,300 லிட்டர் பிடிக்கும். 140 சதுர மீட்டர் மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் இறங்குவது 5,600 லிட்டர். மணல் பூமியில் நிரம்ப நிரம்பக் கீழே இறங்கிவிடுவதால் ஒரு கிணறு போதும். கலப்பு மண்ணில் இரண்டு போடுங்கள். கொல்லையில் வற்றிய பழைய கிணறு இருந்தால் புதிதாகத் தோண்டவே வேண்டாம், அதைவிட நல்ல சேகரிப்பு அமைப்பு எதுவும் கிடையாது. குப்பை கொட்டி மூடியிருந்தாலும் தூர் வாரித் திறப்பது புதுக் கிணற்றைவிட மேல்.

இடம் தேர்வது முக்கியம். அஸ்திவாரத்திலிருந்து ஐந்தடியாவது தள்ளியிருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து முப்பதடி விலக வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காத மனையில் கிணறு போடாதீர்கள். கூரை நீரை வடிகட்டிச் சம்ப்பில் விட்டு, பெய்கிற நாட்களில் லாரியையும் போரையும் நிறுத்தி அதையே செலவழியுங்கள். நிலத்திலிருந்து எடுக்காமல் விட்டதும் சேமிப்புத்தான்.

மணல் பூமியில் வெறும் குழியை ஆழமாகத் தோண்டிவிட்டு உறையை இறக்கக் கூடாது. ஆறடிக்குக் கீழே ஈரமணல் சட்டென்று சரியும், உள்ளே இருப்பவர் புதைந்துவிடுவார். முதல் உறையைத் தரையில் வைத்து, அதற்குள் உட்கார்ந்து அடிமண்ணைச் சுற்றிலும் சமமாகப் பறிக்க வேண்டும். உறை தன் எடையிலேயே ஒரு பக்கமாக முனகி, பிறகு மறுபக்கம் சாய்ந்து, மெல்ல அமரும். அதன்மேல் அடுத்த உறை. ஓரடி உயர உறை என்றால் பதினாறு வேண்டும். பதினைந்து மண்ணுக்குள், ஒன்று தரைக்கு மேலே. வேலை முழுக்க நூல்குண்டு தொங்கவிட்டுச் சாய்வு பாருங்கள்.

உறைகளின் இணைப்பில் சிமென்ட் பூசக் கூடாது. பக்கத் துளை உள்ள உறையாகக் கேட்டு வாங்குங்கள். அடியைக் கான்கிரீட் போட்டு மூடிவிடும் கொத்தனார்கள் இருக்கிறார்கள், "சுத்தமா இருக்கும் சார்" என்பார்கள். அப்படிச் செய்தால் அது கிணறாக இருக்காது, தொட்டிதான். அடி மண்ணாகவே இருக்கட்டும், அதன்மேல் ஓரடி 40 மி.மீ. ஜல்லி, விழும் நீர் மண்ணைக் குடையாமல் இருக்க. உறைக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் ஜல்லியால் நிரப்புங்கள்.

தரைக்கு மேலே ஓரடி நிற்கும் உறையை உயரம் குறைக்கச் சொல்லிக் கார் வைத்திருப்பவர் கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். டிசம்பரில் தெருவில் சாக்கடையும் மழையும் கலந்து நிற்கும்போது, அது கிணற்றுக்குள் போகாமல் தடுப்பது அந்த ஓரடிதான். மேலே கான்கிரீட் மூடி, காற்றுக்குழாய் முனையில் கொசுவலை. சென்னையில் மலேரியா பரப்பும் கொசு கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடுவது, ஆகவே வலை கிழிந்தால் அன்றே மாற்றுங்கள்.

களிமண்ணில் இதே கிணற்றின் அடியிலிருந்து 6 அங்குலத் துளையைக் களியைத் தாண்டி மணலோ சிதைந்த பாறையோ தட்டும்வரை இறக்குங்கள். பிளவு வெட்டி நைலான் வலை சுற்றிய பி.வி.சி. குழாயை அதில் செருகி, சுற்றிலும் கூழாங்கல் போடுங்கள். குழாயின் மேல்முனை கிணற்று அடியிலிருந்து ஓரடி தூக்கலாக நிற்க வேண்டும். அடியோடு அடியாக வெட்டிவிட்டால் முதல் பருவத்திலேயே வண்டல் உள்ளே போய் அடைத்துவிடும். பாறைப் பகுதியில் தண்ணீர் விரிசல்களில்தான் நிற்கும். அங்கே வற்றிய போர்வெல் இருந்தால், மணல் வடிகட்டி வழியாக அதற்குள் விடலாம். வடிகட்டாமல் விட்டால் விரிசல் அடைந்துவிடும், அதை மீட்க வழியே இல்லை.

கேட்டை நோக்கி ஓடும் தரைநீரும் சேர வேண்டியதுதான். கேட்டுக்கு உள்பக்கம், குறுக்கே ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட பலகைக்கல் மூடுங்கள். இதில் கார் எண்ணெயும் சோப்பும் வரும் என்பதால் தனி வண்டல் தொட்டியும், தனிக் கிணறும் வைப்பது நல்லது. வளாகத்தில் கார் கழுவுவதை நிறுத்தாவிட்டால் இந்த நீரை மண்ணுக்குள் விடவே வேண்டாம்.

கடலோரத்தில் இன்னொரு ஆபத்து

கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. எடை வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதால் கணக்கு பயங்கரமானது: கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீரின் உயரம் ஓர் அடி குறைந்தால், கீழே உப்புநீரின் எல்லை சுமார் நாற்பது அடி மேலேறும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் பல ஆண்டுகள் அளவு மீறி இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. திருவான்மியூரில் போரை இன்னும் ஆழப்படுத்துவது இந்த எல்லையைத் தொடப் போவது போலத்தான். அங்கே ஆழமான போரைவிட இருபது முப்பதடிக் கிணற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே பாதுகாப்பு. ஆறு மணி நேரம் தொடர்ந்து இறைக்காமல், ஒரு மணி நேரம் ஓட்டி, இரண்டு மணி நேரம் விட்டு ஓட்டுங்கள்.

குளித்த நீர்

32 பேர் குளித்ததும் துவைத்ததும் மட்டும் நாளைக்கு 2,400 லிட்டர். ஃபிளஷுக்குத் தேவை 960 லிட்டர். இரண்டையும் இணைத்தால் நல்ல தண்ணீரில் ஒரு சொட்டும் கழிப்பறைக்குப் போக வேண்டாம். ஆனால் கட்டி முடித்த அடுக்குமாடியில் அதற்குத் தனிக்குழாய் இழுப்பது பெரிய செலவு. புதிதாகக் கட்டும்போதே கேட்டு வாங்க வேண்டியது இது. பழைய கட்டடத்தில் தரைத்தளக் குளியலறை நீரையாவது பாத்திக்குத் திருப்பலாம். நாளைக்கு 100 லிட்டருக்கு ஒரு சதுர மீட்டர் என்று தொடங்கி, கல்வாழையும் சேம்பும் நடுங்கள். நீர் தேங்கி வாடை வந்தால் பாத்தியை அகலமாக்க வேண்டும். சிங்க் நீரைச் சேர்க்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு மண்ணை அடைக்கும். ஒரு நாளுக்கு மேல் தேக்கியும் வைக்காதீர்கள், அழுகும்.

பராமரிப்பும் குறிப்பேடும்

செப்டம்பர் கடைசி வாரம் மாடியைப் பெருக்கி, சல்லடைகளைக் கழற்றிக் கழுவி, வண்டல் தொட்டியை அள்ளுங்கள். நவம்பர் நடுவில் மறுபடி ஒருமுறை. கிணற்றின் அடி வண்டலை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். மூடியே கிடந்த கிணற்றுக்குள் யாரையும் சட்டென்று இறக்காதீர்கள். உள்ளே காற்று இல்லாமலோ விஷவாயு நிறைந்தோ இருக்கலாம், இறங்கியவரும் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் பல. விளக்கு இறக்கிப் பார்ப்பதும் போதாது. ஊதுகருவியால் காற்றடித்து, வாயுமானி வைத்துப் பார்த்து, இடுப்பில் கயிறும் மேலே இரண்டு ஆளும் இருந்தால்தான் இறக்க வேண்டும்.

சம்ப்பில் சேர்த்த மழைநீரைப் புழங்குமுன் 1,000 லிட்டருக்கு 4 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் சக்தி இருக்காது. குடிக்க என்றால் கொதிக்க வையுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். மாதம் முதல் தேதி, மோட்டார் ஓடாமல் இரவு கழிந்த காலை நேரம், அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீர்மட்டம் எழுதுங்கள். பக்கத்திலேயே டி.டி.எஸ். மீட்டரில் வரும் எண், அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. மழைநீரில் அது 50ஐத் தாண்டாது. குடிநீருக்கு 500க்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை என்கிறது இந்தியத் தரம். பருவமழைக்குப் பின் மட்டம் ஏறி, டி.டி.எஸ். இறங்கினால் அமைப்பு வேலை செய்கிறது. மட்டம் ஏறியும் டி.டி.எஸ். இறங்கவில்லை என்றால் எங்கோ கழிவுநீர் கலக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிணறு மழை நின்று இரண்டு நாளாகியும் நிரம்பியே நின்றால் இரண்டு காரணம் உண்டு. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் எட்டிப் பார்த்தால் எது என்று தெரியும். அங்கும் அதே மட்டம் என்றால் நிலத்தடி நீரே மேலே வந்துவிட்டது, நல்ல செய்தி. அங்கே கீழே இருந்தால் உங்கள் அடி அடைத்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்க்காமல் இந்த வேலை பாதியில் நிற்கும். மண்ணுக்குள் மதில்சுவர் கிடையாது, நீங்கள் இறக்கிய நீரை அவர் மோட்டார் எடுக்கும். அதற்காக இறக்காமல் இருந்தால் இருவருக்கும் இல்லாமல் போகும். தெருவில் பத்து மனை சேர்ந்தால் ஒரே கிணற்று ஆளைப் பேசிக் கூலியையும் குறைக்கலாம், உறையையும் மொத்தமாக இறக்கலாம், பத்து நோட்டையும் அடுக்கிப் பார்த்தால் தெருவின் நிலத்தடி எப்படி இருக்கிறது என்பதும் தெரியும்.

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வற்றின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் 25 லட்சம் லிட்டர் கொண்டு வந்தது. நகரத்தில் தலைக்குப் பங்கிட்டால் அரை லிட்டர்கூட வராது. ஜூன் மாதத்தில் ஒரு தெருவால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. நோட்டில் பார்க்க வேண்டியது பிப்ரவரி, மார்ச் அளவுகளை. போன வருடம் அதே தேதியில் இருந்ததைவிட மட்டம் இரண்டடி கீழே போயிருந்தால், மார்ச்சிலேயே அசோசியேஷனைக் கூட்டி மோட்டார் நேரத்தைக் குறையுங்கள், மீட்டர் எண்ணை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள், லாரியை இப்போதே சொல்லி வையுங்கள். மே மாதம் கூட்டம் போட்டால் குறைப்பதற்குக் கிணற்றில் எதுவும் மிச்சமிருக்காது.